மலை திருப்பிக் கொடுப்பது

என் அண்ணன் டெம்போ ஓட்டுகிறான். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிப் புனலூரில் இறக்குவான். நான் தென்காசியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். நான் வாயைத் திறந்தாலே பாடம் எடுக்கிறேன் என்று கிண்டல் செய்வான், அதனால் அவனிடம் இயற்பியல் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

போன சாரல் மழைக் காலத்தில் புனலூரில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினால் ரயில் போய்விட்டிருந்தது. அண்ணன் அன்றைக்கு அங்கேதான் அன்னாசிப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தான். “ஏறுட்டி” என்றான். பட்டுச்சேலையோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

ஆரியங்காவு தாண்டியதும் பனி மூடிவிட்டது. சாயங்காலம் ஆகவில்லை, ஆனாலும் எதிரே வரும் வண்டியின் விளக்கு பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. புளியரை இறக்கம் தொடங்கும் இடத்தில் அண்ணன் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.

“என்னண்ணே பண்ணுத?”

“ஏறும்போது மலைக்கு டீசல் குடுத்தோம்லா. எறங்கும்போது மலை திருப்பிக் குடுக்கும். எல்லா வண்டிக்காரனும் இப்படித்தான் வருதான். சும்மா இரு.”

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, அதுவே எரிச்சலாக இருந்தது. ஏறும்போது செலவான டீசலில் ஒரு பங்கு நிலையாற்றலாக வண்டியில் ஏறியிருக்கிறது. இறங்க இறங்க அது இயக்க ஆற்றலாக மாறும். ஆனால் நமக்கு வேண்டிய அளவு மட்டும் கொடு என்று மலையிடம் கேட்க முடியாது.

இன்ஜின் சத்தம் நின்றதும் அதுவரை கேட்காத சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. ஈர ரோட்டில் டயர் உரசுவது, தார்ப்பாயில் கயிறு தேய்வது. பின்னால் பழக்கூடைகள், யாரோ திரும்பிப் படுப்பது போல முனகின. வண்டி சத்தமே இல்லாமல் வேகம் பிடித்தது. யாரும் தள்ளவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

முதல் வளைவில் பிரேக் பிடித்தது. அடுத்ததில் பாதிதான். அதற்குப் பிறகு அண்ணன் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தும் பெடல் கல்லாக நின்றது. இன்ஜின் ஓடினால்தான் அந்த வண்டியில் பிரேக்குக்குப் பலம். சாவியைத் திருப்பினான், இன்ஜின் பிடிக்கவில்லை. கியர் போடப் பார்த்தான், பல் அரைபடும் சத்தம்தான் வந்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். கருகிய வாடை வந்ததே தவிர வேகம் குறையவில்லை.

மனசுக்குள் கணக்கு தானாக ஓடியது. உராய்வை விட்டுவிட்டால் நிறை சமன்பாட்டின் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். ஒரு லோடு அன்னாசிக்கும் ஒற்றை எலுமிச்சைக்கும் ஒரே வேகம்தான். தெரிய வேண்டியது இன்னும் எவ்வளவு உயரம் பாக்கி என்பது மட்டும், அதைப் பனி மறைத்திருந்தது. செத்துப்போவோம் என்று நினைத்தேன். கூடவே, சேலை பாழாகுமே என்றும் நினைத்தேன்.

இடது பக்கம் தென்னந்தோப்புக்குப் போகும் மண்பாதை ஒன்று தெரிந்ததும் அண்ணன் ஸ்டியரிங்கை அதில் திருப்பினான். பாதை ஒரு பள்ளத்தில் இறங்கி எதிர்மேட்டில் ஏறியது. மேட்டில் வேகம் தளர்ந்து, தளர்ந்து, வண்டி நின்றது. மூச்சு விட்டேன்.

பிறகு அது பின்னால் நகர ஆரம்பித்தது.

பள்ளத்தில் இறங்கி, வந்த வழியே பின்பக்கமாக ஏறி நின்றது. மறுபடி முன்னால். எங்களை உள்ளே வைத்துத் தொட்டில் ஆட்டுவது போல, சத்தமில்லாமல். இதே பள்ளத்தைத்தான் நான் வருஷாவருஷம் போர்டில் வரைகிறேன், ஓர் உருண்டையையும் வரைந்து, ‘உராய்வு இல்லை எனக் கொள்க’ என்று எழுதுகிறேன். உராய்வு இல்லாவிட்டால் அந்த உருண்டை நிற்கவே நிற்காது. இதுவும் நிற்காதோ என்று ஒரு கணம் நிஜமாகவே நம்பினேன். கதவைத் திறந்து குதிக்கக்கூடத் தோன்றவில்லை. சேறு சக்கரத்தைப் பிடித்த பிறகுதான் ஆட்டம் அடங்கியது.

பிரேக் டிரம்மில் சாரல் விழுந்து ‘சொய்ங்’ என்று ஆவியானது. மலை கொடுத்ததில் ஒரு பங்கு அங்கே சூடாக இருந்தது. அண்ணன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை, நானும் அழுதேன். என் உச்சந்தலையில் கையை வைத்து, “ஒந் தலையில அடிச்சுச் சத்தியம்ட்டி, இனிமே எறக்கத்துல இன்ஜின அமத்த மாட்டேன்” என்றான்.

போன வாரம் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வரச்சொல்ல அவனுக்குப் போன் போட்டேன்.

“புளியரை எறக்கத்துல வருதேன். சொல்லுட்டி.”

அவன் குரல் அவ்வளவு தெளிவாக அந்த வண்டிக்குள்ளிருந்து வந்ததே இல்லை. எப்போதும் கத்துவான், அன்றைக்குக் கத்த வேண்டியிருக்கவில்லை. குரலுக்குப் பின்னால் ஈர ரோட்டில் டயர் உரசும் சத்தம் கேட்டது.

“அண்ணே, இன்ஜின் சத்தத்தக் காணுமே?”

டயர் சத்தம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போய், லைன் அறுந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தான். சிப்ஸ் பொட்டலத்தை என் கையில் திணித்து, “சரியான பயந்தாங்கொள்ளிட்டி நீ” என்று சிரித்தான். நாளைக்கும் அவனுக்குப் புனலூருக்கு லோடு இருக்கிறது.