கடைசி ஆள்

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளைப் பள்ளிக்கூடத்துக் கயிறு இழுக்கும் அணியில் சேர்த்திருந்தார்கள். அதுவரை எந்த விளையாட்டுக்கும் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. இதில் அவள்தான் கடைசி ஆள். கடைசி ஆள்தான் முக்கியமாம். அதை வீட்டுக்கு வந்து நான்கு முறை சொன்னாள். அந்த இடம் அவளை விட்டுப் போய்விடக் கூடாதே என்று எனக்குத்தான் தூக்கம் கெட்டது.

தினமும் ஸ்கிப்பிங், தெருவில் மூன்று சுற்று ஓட்டம் என்று ஆரம்பித்தேன். பத்தே நாளில் இளைத்துவிட்டாள். விளையாட்டு ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, வெயிட்டுக்குத்தான இவள எடுத்தேன்? கயிறு இழுக்குற பிள்ளைய எதுக்கு ஓட விடுறீங்க? இழுக்குற வேலையாக் குடுங்க."

இழுக்கிற வேலைக்கு எங்கே போவேன்? நான் பரமக்குடிக்காரி. எனக்குத் தெரிந்ததெல்லாம் தறி நூல், இழுத்தால் அறுந்துவிடும். ஆனால் கல்யாணமாகி வந்த இந்தக் கடலோர ஊரில் கரைவலை உண்டு. கடலில் விட்ட வலையை, கரையில் வரிசையாக நின்று, கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாகவே நடந்து இழுப்பார்கள். சனிக்கிழமை மகளோடு அங்கே போய் நின்றேன்.

"அண்ணே, இவளும் கொஞ்சம் இழுக்கட்டுமா?"

"தாராளமா இழுக்கட்டும் தாயி. மீனுல பங்கு கேப்பீகளோ?"

"இல்லண்ணே, பயிற்சிக்குத்தான்."

வலைக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏலே, கேட்டீகளா! இம்புட்டு நாளா நாம செஞ்சது பயிற்சியாம்லே!" கயிறே சிரித்துக் குலுங்கியது.

நான்கு சனிக்கிழமைகளில் குதிகாலை ஊன்றிச் சாயப் பழகிவிட்டாள். நான் மோர் பாட்டிலும் கையுமாக நின்று, அவள் உள்ளங்கை கொப்புளித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டி நாள். மூன்றில் இரண்டு சுற்று ஜெயிக்க வேண்டும். முதல் விசிலுக்கு அவள் சாய்ந்த சாய்வில் எதிரணி வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னும் ஓரடிதான். அப்போது என் மகள் கயிற்றை விட்டாள். ஒரு அவசரமும் இல்லாமல் வரிசையின் முன்னால் நடந்து போய்க் கையை நீட்டினாள். பிடிப்பதற்குக் கயிறு அங்கே இல்லை. எங்கள் பிள்ளைகள் ஏழு பேரும் குப்புறக் கிடந்தார்கள்.

கரைவலையில் அதுதான் முறை. பின்னாலேயே நடந்து மேட்டுக்கு வந்துவிட்ட கடைசி ஆள், கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்குப் போய் முதல் ஆளாகப் பிடிக்க வேண்டும். நான்கு வாரமும் என் கண்ணெதிரேதான் நடந்தது.

"கடைசி ஆளு முன்னாடி போகணும்லம்மா?" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"யாரு இவளுக்கு இதச் சொல்லிக்குடுத்தது?" என்றார் ஆசிரியை. வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளைபோலக் கையைத் தூக்கினேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப முன்னாடி நிக்கிற ஆளு எங்க போவாங்க?"

"எங்கயும் போக மாட்டாங்க டீச்சர். பின்னாடிதான் வருவாங்க."

அவளை முதல் ஆளாக நிறுத்தினார். மீதி இரண்டு சுற்றும் எங்களுக்குத்தான்.

அடுத்த போட்டி ராமநாதபுரத்தில். அங்கே வெயிட்டுக்காக அவளை மறுபடியும் கடைசி ஆளாகவே போட்டிருந்தார் ஆசிரியை. சனிக்கிழமை வலைக்காரரிடம், "இவ மட்டும் விடாம கடைசியிலேயே இழுக்கட்டும்ணே" என்று கேட்டேன்.

"விடாமப் பின்னாடியே போனா, வல கர சேரயில பிள்ள உப்பூர் பஸ் ஸ்டாப்புல நிக்கும் தாயி."