கழுவிய தபால்தலை

தபால்தலை சேர்க்கும் பைத்தியம் எனக்கு ஏழு வயதில் பிடித்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் எந்தக் கடிதமும் என் கத்தரிக்கோலுக்குத் தப்பியதில்லை.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, தாம்பரத்தில் கல்லூரித் தொடர் ஓட்ட அணியில் மூன்றாம் ஆளாக ஓடியவர். மேற்படிப்புக்காக அமெரிக்கா போயிருந்தார். அங்கிருந்து மாதம் ஒரு ஏரோகிராம், உறையில்லாமல் தாளையே மடித்து ஒட்டிய கடிதம், வரும். அம்மாவுக்கான பக்கத்தில் பனியும் படிப்பும் இருக்கும். இங்கே எந்த அணியிலும் இடமில்லை, தனியாகத்தான் ஓடுகிறேன் என்று ஒருமுறை எழுதியிருந்தார். கடைசி மடிப்பு மட்டும் பழைய அணியின் மற்ற மூவருக்கு. அதை நாங்கள் யாரும் படிக்கக் கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு. ஞாயிறன்று சர்ச் முடிந்ததும் அந்த அண்ணன்கள் சைக்கிளில் வந்து படித்துவிட்டுப் போவார்கள்.

மாமாவின் கடிதங்களை மட்டும் அம்மா என் கைக்கு எட்டாமல் பூட்டி வைப்பாள். அந்த டிசம்பர் கடிதத்தைத் தன் பக்கம் படித்த கையோடு மறந்து மேசையில் வைத்ததுமே தபால்தலையை வெட்டிக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப் போட்டேன். ஊறினால் தபால்தலை தனியே கழன்று வரும். ஏரோகிராமில் அது காகிதத்திலேயே அச்சடித்தது என்று யார் எனக்குச் சொன்னார்கள்? தண்ணீர்தான் நீலமாயிற்று. பின்பக்கத்தில் இருந்த மை எழுத்தெல்லாம் போய்ப் பளிச்சென்று ஆனதில் எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் அண்ணன்கள் வந்தார்கள். கடிதத்தின் கடைசி மடிப்பில், நான் வெட்டிய ஓட்டைக்கு மேலே, ‘உங்க மூணு பேர்கிட்ட மட்டும் சொல்றேன்’ என்று இருந்தது. ஓட்டைக்குக் கீழே, ‘அக்காவுக்குத் தெரிய வேணாம். உடனே பதில் போடுங்கடா.’

“இன்னா மச்சான், வெள்ளைக்காரப் பொண்ணு மேட்டரா?” என்று சிரித்தார் ஒருவர். அதையே கிண்டலாக எழுதி அனுப்பினார்கள். நாலாம் ஆள் மட்டும் சிரிக்கவில்லை. ஓட்டத்தில் மாமாவின் கையிலிருந்து குச்சியை வாங்குபவர் அவர்.

“பாப்பா, பின்னாடி இன்னா எழுதியிருந்துச்சு?”

“எல்லாத்தையும் சுத்தமா கழுவிட்டேண்ணா,” என்றேன் பெருமையாக.

அந்தப் பதில் மாமாவின் கைக்குப் போனதா, தெரியாது. ஜனவரியில் தந்தி வந்தது. மாமா விடுதி அறையில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தார். “ஒரு வார்த்தை, யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். 

நாலாம் ஆள் என்னைத் தனியே அழைத்துப்போய் மறுபடி கேட்டார். ஒரு வார்த்தையாவது ஞாபகம் இருக்கிறதா என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

“‘நல்லா இருக்கேன்’னு எழுதியிருந்துச்சுண்ணா,” என்றேன்.

என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிறகு என் தலையைத் தடவினார். “ஆமா பாப்பா, அப்படித்தான் எழுதியிருப்பான். அந்த ஸ்டாம்ப எனக்குக் குடுத்துடு. இதப்பத்தி அம்மாகிட்ட எதுவும் பேசாத.” கடிதத்தையும் தபால்தலையையும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

என் பொய்யை நம்பிவிட்டார் என்று நினைத்தேன். இருந்த ஒரே அமெரிக்கத் தபால்தலையையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாரே என்று, அன்று பூராவும் அவர்மேல் கோபமாக இருந்தேன்.