தரையில் ஒரு கீபோர்டு

பொன்னேரி பக்கத்துத் தொடக்கப்பள்ளிக்கு 2006இல் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வந்து என்ன? தூசி படியும் என்று தலைமையாசிரியர் சுப்பிரமணி அதைத் தன் அறையில் துணி போட்டு மூடிவிட்டார்.

சுமலதா டீச்சர் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர். வகுப்புத் தரையில் சாக்பீஸால் கீபோர்டு வரைந்தார். பிள்ளைகள் எழுத்துக்கு எழுத்து தாவித் தங்கள் பெயரை அடித்தார்கள்.

“நெஜக் கம்ப்யூட்டர எப்ப டீச்சர் தொட உடுவாங்க?” என்று கேட்டாள் ஒருத்தி.

டீச்சருக்கே அந்த ஏக்கம்தான்.

சரஸ்வதி பூஜைக்குத் துணியை எடுத்து, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். டீச்சர் ஆசையாகக் கை நீட்டினார்.

“பூஜைல வெச்சிக்கிறோம். இன்னைக்குத் தொடக் கூடாது டீச்சர்,” என்று தடுத்தார் தலைமையாசிரியர்.

பூஜை முடிந்ததும் சுப்பிரமணி மறுபடி துணியைப் போர்த்தினார்.

அன்று பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும், சுமலதா டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் தாவித் தாவித் தன் பெயரை அடித்தார்.