சீட்டில் இல்லாத கருப்பட்டி

அண்ணன் கண் மூடியபோது மதினி தலைமாட்டில் இருந்தார்கள். அண்ணன் மகன் கால்மாட்டில் நின்றான். டாக்டர் ஐயா நாடியைப் பிடித்திருந்தார்கள். என் மகள் கையில் கிண்ணம் இருந்தது. நான் கதவைப் பிடித்து நின்றேன். என் மாமியார் இல்லை. அவர்கள் முன்னமே போய்விட்டார்கள். இருந்திருந்தால் முதல் ஆளாக வந்திருப்பார்கள்.

எனக்கு எழுத வராது. மூன்றாவதோடு படிப்பு நின்றது. தங்கை எழுதினால்தான் சரியாக இருக்கும் என்று மதினி சொன்னதால் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ராயகிரி. எங்கள் அப்பா சீக்கிரம் போய்விட்டார்கள். அண்ணன் எட்டாவதை விட்டுவிட்டுச் சங்கரன்கோவிலில் டாக்டர் ஐயாவின் ஆஸ்பத்திரிக்குச் சீசா கழுவப் போனார்கள். பிறகு மருந்து கலக்கப் படித்துக் கம்பவுண்டர் ஆனார்கள். அந்தச் சம்பளத்தில்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். எனக்கு வாய்த்த ஊர் திருவேங்கடத்துக்குப் பக்கம். கரிசல் காடு. மழை பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

யுத்த காலத்தில் மழை இல்லை. வீட்டுக்காரர் வேலை தேடி வெளியூர் போயிருந்தார். வீட்டில் மாமியார், நான், என் மகள். அடுப்பு ராத்திரி மட்டும் எரியும். பெண்ணுக்கு முறைக்காய்ச்சல் வந்தது, விடவே இல்லை. அண்ணன் டாக்டர் ஐயாவிடம் சொல்லி மருந்து கொண்டுவந்தார்கள். சீசாவில் அளவுக்குக் காகிதம் கத்தரித்து ஒட்டியிருந்தது. மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு பங்கு என்று சொல்லிப் போனார்கள்.

காலையில் கொடுத்தேன். வெறும் வயிறு, பிள்ளை கக்கிவிட்டது. பிறகு ராத்திரி கஞ்சிக்கு மேல் மட்டும் கொடுத்தேன். காய்ச்சல் போவதும் வருவதுமாக இருந்தது. பிள்ளை எலும்பாகிவிட்டது. பிழைக்காது என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள்.

அண்ணன் சைக்கிளில் வந்தார்கள். காலியாகியிருக்க வேண்டிய சீசாவைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"ஏட்டி, ஒழுங்கா குடுக்குதியா?"

"குடுக்குதேன்."

"சாப்பிட்ட பெறகா?"

"சாப்பிட்ட பெறகுதான்ணே."

நேரம் உச்சிப்பொழுது. அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது. அண்ணன் அதைப் பார்த்தார்கள். புகுந்த வீட்டுக் குறையை நான் சொல்லக்கூடாது, அவர்களும் கேட்கக்கூடாது. பொங்கல்படி தவிர பிறந்த வீட்டுத் தானியம் அந்த வாசல் ஏறாது. கொண்டுவந்தால் என் மாமியார் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அத்தனை ரோசம்.

மறுநாளும் அண்ணன் வந்தார்கள். கையில் ஒரு பை, ஒரு மருந்துச் சீட்டு. பையை வாசலில் வைத்துவிட்டுச் சீட்டை மாமியாரிடம் நீட்டினார்கள்.

"அத்தை, இதப் பாருங்க. டாக்டர் ஐயா பி.சி.ன்னு போட்டிருக்காக. இது லத்தீன்."

"லத்தீனா? அது எந்தப் பக்கம் இருக்கு?"

"ஊரு இல்ல அத்தை, பாஷை. எந்த ஊரு கம்பவுண்டருக்கும் புரியும்னு அதுல எழுதுதாக."

"என்ன சொல்லுது?"

"வெறும் வயித்துல மருந்து நிக்காது, கஞ்சிக்கு மேலதான் நிக்கும்னு சொல்லுது. அதனால கஞ்சி மாவும் மருந்துச் சேர்மானந்தான். ஆஸ்பத்திரில குடுத்துவிட்டாக. பிள்ளைக்குத் தனியா காய்ச்சப்படாது. ஒரே பானையில காய்ச்சி வீட்டோட குடிக்கணும். மூணு வேளை."

"வீட்டோடங்கிறதும் லத்தீன்ல இருக்கோ?"

"இருக்கு அத்தை."

மாமியார் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பை வாசலிலேயே இருந்தது. நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அந்தப் பையையே பார்த்தேன்.

"ரெண்டு எழுத்துக்குள்ள இம்புட்டா! நல்லா வாசிச்சுப் பாருங்க மருமகனே, கருப்பட்டியும் எழுதியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, பையை அவர்களே எடுத்து உள்ளே கொண்டுபோனார்கள்.

அண்ணன் சைக்கிளை எடுக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்கள்.

"ஏட்டி, அதுக்கு அர்த்தம் சாப்பாட்டுக்குப் பெறகுன்னு மட்டுந்தான். ஒங்க அத்தைட்ட சொல்லிராத."

"அவுகளுக்குத் தெரியும்ணே."

"தெரியும்னு எனக்கும் தெரியும்."

அடுத்த பையில் கருப்பட்டி இருந்தது. மாவு ஆஸ்பத்திரி மாவு இல்லை. அண்ணன் வீட்டு ரேஷன் பங்கு. வறுத்து அரைத்தது மதினி. இதை மதினி இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. மழை பெய்யும் வரைக்கும் பை வந்தது. பிள்ளை பிழைத்தது.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் யாருக்கு மருந்து கொடுத்தாலும் அண்ணன் முதலில், "காலைல என்ன குடிச்சீக?" என்றுதான் கேட்பார்களாம். பதிலைக் கேட்டுவிட்டுத்தான் சீட்டை வாசிப்பார்களாம். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.

கடைசியில் அண்ணனுக்கு வயிற்று நோய். கஞ்சியும் இறங்கவில்லை. போவதற்கு முந்தின நாள் காலையில் டாக்டர் ஐயா வந்து பார்த்து ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அண்ணன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

"டாக்டர் ஐயா பி.சி.ய விட்டுட்டாக."

"அப்படின்னா என்னண்ணே?"

"சாப்பிட்டானான்னு இனிமே கேக்கலன்னு அர்த்தம்."

மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என் மகள் பக்கத்தில் நின்றாள். சீட்டை வாங்கினாள்.

"மாமா, ஒங்களுக்குக் கண்ணு தெரியல. பி.சி. இருக்கு."

"எங்கட்டி இருக்கு?"

"லத்தீன்ல இருக்கு. வீட்டோட குடிக்கணும்னும் இருக்கு."

அண்ணன் அவளையே பார்த்தார்கள்.

"கருப்பட்டி?"

"அதுவும் இருக்கு மாமா."

அவள் போய் அடுப்பு மூட்டினாள்.

மூத்த கம்பவுண்டருக்கு என்று கூலி வாங்காமல் வந்து ஊசி போட்ட ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்கு நன்றி. பகலும் ராவும் வந்து பார்த்த டாக்டர் ஐயாவுக்கு நன்றி. வண்டி கட்டி வந்த ராயகிரி உறவுகளுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், வெயிலில் நின்று தண்ணீர் கொடுத்த தெருக்காரர்களுக்கும் நன்றி. மதினிக்கு நான் பட்ட கடன் தீராது. என் மகளுக்கு நான் நன்றி சொல்வது முறையல்ல.

அன்றைக்கு அவள் கரண்டியால் கொடுக்க, நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கூடவே குடிக்க, அண்ணன் கருப்பட்டி போட்ட கஞ்சி குடித்தார்கள்.

மூன்று வேளை.