வெர்னாவின் உயரமான வண்டியும் பதினைந்து மைல் பந்தயமும்

வெர்னா ஸ்டாடம் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. மொன்டானாவின் கிழக்கில், எங்கள் பக்கத்துப் பண்ணைச் சாலைகள் மழை பெய்தால் பிசினாகிவிடும். மூன்று வசந்த காலங்களில் நான்கு முறை டிராக்டர் வந்து அவருடைய பிக்கப் வண்டியைச் சேற்றிலிருந்து இழுத்து வெளியே போட்டது. நான்காவது முறைக்குப் பிறகு அவர் வண்டியை ஆறு அங்குலம் தூக்கிக் கட்டி, தன் இடுப்புயர டயர்களை மாட்டிக்கொண்டார்.

அதன்பின் வண்டி எங்கும் சிக்கவில்லை. ஆனால் பெட்ரோலைக் குடித்தது. தானியக் கிடங்கில் வேலை செய்யும் அவருடைய கணவர் ஓரின் இதை இர்மாவின் காபிக் கடையில் எல்லோர் காதிலும் போட்டார்.

"கேலனுக்குப் பன்னெண்டு மைல். குதிரைய விட அதிகமாக் குடிக்குது. ஜூலை நாலுக்குள்ள பதினஞ்சு காட்டு வெர்னா, இல்லேன்னா வண்டியப் பழையபடி இறக்கிடணும்."

"காட்டிட்டா?"

"அப்புறம் அந்த வண்டியப் பத்தி வாயே தொறக்க மாட்டேன்."

"ஒத்துக்கடி," என்றார் இர்மா, காபி ஊற்றியபடியே. "இந்த மனுஷன் வாய மூடி நானும் பார்க்கணும்."

வெர்னா ஒத்துக்கொண்டார். ஆனால் உள்ளூரப் பயம். அவருடைய பாதி வேலை வடக்குப் பண்ணைகளில். வண்டியை இறக்கினால் அடுத்த வசந்தத்தில் அங்கே போக முடியாது.

முதலில் பின்தொட்டியைப் பார்த்தார். பனியில் வழுக்காமலிருக்க நவம்பரில் போட்ட ஆறு மணல் மூட்டைகள் ஜூனிலும் அப்படியே கிடந்தன. எங்கள் ஊரில் எல்லோரும் போடுவோம், எடுக்க மறப்போம். அவற்றை இறக்கினார். கூரை மேலிருந்த விளக்குப் பட்டையைக் கழற்றினார். சேற்றுக்காகக் குறைத்த டயர் காற்றை நிரப்பினார்.

கிளேட்டன் என்ற மாட்டுப் பண்ணைக்காரர் யோசனை சொன்னார்: "பின்கதவ இறக்கி விட்டு ஓட்டு. காத்து அப்படியே போயிடும்."

ஒரு வாரம் அப்படி ஓட்டியதில் காற்று போகவில்லை, ஒரு பெட்டி லாட ஆணிதான் போயிற்று. மைல் கணக்கும் குறைந்தது. கதவைச் சாத்தி, தொட்டிக்கு மூடி போட்டார். வேக முள்ளை ஐம்பத்தைந்துக்கு மேல் போகவிடாமல் ஓட்டினார்.

பதினான்கு வந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

ஜூலை இரண்டாம் தேதி, வடக்கே ஆன்செல் ராடமாக்கரின் பண்ணையில், குதிரையின் காலைத் தொடையிடுக்கில் பிடித்தபடி புலம்பினார். "ஐம்பத்தாறு மைல், ஆன்செல். ஒரு கிழவி மாதிரி ஓட்டிட்டு வந்தேன்."

"எது ஐம்பத்தாறு? உங்க ஊரு பதினெட்டாவது மைல் பலகை. எங்க வாசல் எண்பது. அறுபத்திரண்டு."

"மீட்டர் ஐம்பத்தாறுங்குது."

"அப்போ ரோடு சுருங்கிடுச்சா?"

வெர்னா குதிரையின் காலை மெல்லக் கீழே விட்டார். தன் டயரைப் பார்த்தார். டயர் எத்தனை சுற்று சுற்றுகிறது என்றுதான் மீட்டருக்குத் தெரியும். டயர் பெரிதானது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் வண்டி கூடுதல் தூரம் போக, மீட்டர் பழைய தூரத்தையே எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. வேகமும் அப்படியே. ஐம்பத்தைந்து என்று அவர் நினைத்தது உண்மையில் அறுபத்தொன்று. அவர் சிரித்த சிரிப்பில் குதிரை இரண்டடி விலகி நின்றது.

மறுநாள் டாங்கை விளிம்புவரை நிரப்பி, ஓரினைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"மீட்டரப் பார்க்காத. பலகைய எண்ணு."

முள் ஐம்பதில் நின்றது; உண்மை வேகம் ஐம்பத்தைந்து. தானிய லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்தின.

"இந்த வேகத்துல போனா திரும்பி வரதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவேன்," என்றார் ஓரின்.

"எண்ணிக்கையச் சொல்லு."

"நாற்பத்தொண்ணு."

போக வர நூற்று இருபத்து நான்கு மைல். அதே பம்பில் மீண்டும் விளிம்புவரை நிரப்பியபோது ஏழே முக்கால் கேலன் பிடித்தது. ஓரின் உள்ளங்கையில் பேனாவால் மூன்று முறை வகுத்தார்.

"எவ்வளவு?" என்றார் வெர்னா.

"பதினாறு."

"பந்தயம்?"

ஓரின் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். பிறகு இறங்கிப் போய் வண்டியின் முன்கண்ணாடியை, கேட்காமலேயே, பளபளவென்று துடைத்துக் கொடுத்தார்.

செய்தி காபிக் கடைக்குப் போனது. அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் பெரிய டயர்க்காரர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையில் பதினோரு பிக்கப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. ரோந்துக் காவலர் ஒருவர் இணையாக வந்து கிளேட்டனிடம் தொப்பியைக் கழற்றி, தாழ்ந்த குரலில் கேட்டார்: "யாருங்க தவறிட்டாங்க?"

"யாரும் சாகல," என்றார் கிளேட்டன். "முப்பத்தேழு. பேச்சுக் கொடுக்காதீங்க, எண்ணிக்கிட்டிருக்கேன்."