எந்தப் பாவா?

ஹேமாவதிக்குக் கேள்வி கேட்காவிட்டால் சோறு இறங்காது. பேருந்தில் ஏறினால்கூட, ஏன் இந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்று டிரைவரைக் கேட்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு நகராட்சித் தேர்தலில் வாய்த்தது ஒரு வினோதமான சிக்கல். அவள் வார்டில் நின்ற மூவரில் இருவர் அவளுக்குப் பாவா.

தெலுங்கு கலந்து பேசும் நெசவாளர் குடும்பம் அது. கணவனின் அண்ணன் மணவாளனும் பாவா, அக்கா புருஷன் தணிகைவேலும் பாவா. மணவாளனின் கூடத்தில்தான் அவள் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கிறாள். தணிகைவேலைப் பகைத்தாலோ, அக்கா வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"மழை பேஞ்சா சாக்கடைத் தண்ணி தறிக்கூடத்துக்குள்ள வந்துகினே இருக்குது பாவா. கால்வாய் எப்போ கட்டுவீங்க?"

"மொதல்ல ஜெயிக்கறேம்மா" என்றார் மணவாளன்.

"அக்கா புருஷனுக்குப் போட இத்தினி கேள்வியா?" என்று சிரித்தார் தணிகைவேல்.

மூன்றாவது ஆள் பூக்கடை பத்மா. உறவுமில்லை, ஒன்றுமில்லை. ஆனால் அவள் ஒருத்திதான் சாக்கடையில் குச்சியை விட்டு அடைப்பு எங்கே என்று பார்த்துவிட்டுப் போனாள்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் மணவாளன் கற்பூரத்தட்டோடு வந்து சத்தியம் கேட்டார். "பாவா சொல்றபடி போடறேன்" என்று கற்பூரத்தை அணைத்தாள் ஹேமாவதி. மாலையில் தணிகைவேல் வந்தார். அவருக்கும் அதே வார்த்தை, அதே கற்பூரம்.

விடிந்ததும் ஊரை ஒட்டிய முருகன் மலையில் ஏறினாள். வள்ளியை அக்கா என்று உரிமை கொண்டாடும் பிறந்த வீடு அவளுடையது. அப்படியென்றால் முருகனும் பாவாதானே!

"யாருக்குப் போடறது பாவா?"

சாமி வாய் திறக்கவில்லை. ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்? படியிறங்கும்போதுதான் உறைத்தது. பதில் தெரிந்துகொண்டே கேட்பவளிடம் அவர் என்னத்தைச் சொல்வார்?

ஓட்டு எண்ணிய நாளில் பத்மா ஜெயித்தாள். பல மாதமாக ஒருவர் முகத்தை ஒருவர் பாராத இரண்டு பாவாக்களும் அன்றைக்கே சேர்ந்து வந்து வாசலில் நின்றார்கள். தறி போனால் ஹேமாவதி வீட்டில் அடுப்பு எரியாது.

"எந்தப் பாவா சொல்லிப் போட்டே?" என்றார் மணவாளன்.

அவள் மலையைக் கைகாட்டினாள். "அதோ, பெரிய பாவா."

மணவாளன் திட்ட வாயெடுத்தார். கோபுரம் கண்ணில் பட்டது. கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"காலையில நேரத்தோட தறிக்கு வந்து சேரு" என்று முனகிவிட்டு நடந்தார். தணிகைவேலும் பின்னால் போனார்.

மறுநாள் தறிக்குப் போகுமுன் ஹேமாவதி பூக்கடைக்குப் போனாள். பத்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் ஓட்டு எனக்குத்தானேக்கா?"

"அத்த வுடுங்க. கால்வாய் எப்போ கட்டுவீங்க?"