சாவியறை அக்காவின் ஞாயிற்றுக்கிழமை

அந்தப் பல்கலைக்கழகத்தில் நூற்றுப் பதினெட்டுக் கட்டடங்கள். படிப்பவர்கள் நாற்பதாயிரம் பேர். ஒரு கோடியில் மருத்துவமனை, மறுகோடியில் மாட்டுப்பண்ணை. நடுவே ஆய்வுக்கூடங்கள், நூலகங்கள், தொலைநோக்கி வைத்த ஒரு குன்று. ஒரு துறைக்காரருக்குப் பக்கத்துத் துறை அயல்நாடு மாதிரி. ஒரே சுவரின் இருபுறமும் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெறும் நாளில் முதன்முதலாகக் கைகுலுக்கிக்கொண்ட பேராசிரியர்களும் உண்டு.

எல்லாக் கட்டடத்தையும் அறிந்தவர் ஒருவர்தான்: சாவியறை அக்கா. வேதியியல் துறையில் குடுவை கழுவச் சேர்ந்தவர். அமிலப் புகை மூச்சுக்கு ஒத்துக்கொள்ளாததால் சாவியறைக்கு மாற்றினார்கள். "நாலு சுவத்துக்குள்ள உக்கார வெச்சுட்டாங்களே" என்று அன்றைக்கு அழுதாராம். அது நடந்து இருபத்திரண்டு வருடம். சாவி கொடுப்பதும் வாங்குவதும்தான் வேலை. ஆனால் வாய் சும்மா இருக்காது. "உள்ள என்ன பண்றீங்க?" என்று கேட்காமல் ஒரு சாவியையும் அவர் நீட்டியதில்லை. சிலர் முகம் சுளிப்பார்கள். பலர் நின்று விளக்கிவிட்டுத்தான் போவார்கள். நூலக வண்டி ஓட்டும் அவருடைய கணவர், "ஊர்ச் சாவியெல்லாம் உன் கையில. நம்ம வீட்டுச் சாவிய மட்டும் தினமும் தொலைக்கிற" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மருத்துவத் துறை ஆய்வாளர் ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, எங்க ஃப்ரீசர் நின்னுபோச்சு. மேல் மாடி லேப் சாவி குடுங்க, அங்க இடம் இருக்கான்னு பாக்கணும்."

"அங்க இருக்கிறது ரொம்பி வழியுதுன்னு போன வாரம்தான் புலம்பினாங்க. உங்களோடதுல என்ன இருக்கு?"

"ஆயிரத்து இருநூறு அம்மாக்களோட ரத்தம். ஒம்பது வருஷமா சேத்தது. குழந்தை ஏன் குறைமாசத்துல பொறக்குதுன்னு கண்டுபிடிக்க. மைனஸ் எண்பதுல இருக்கணும், இப்பவே அறுபத்திரண்டுக்கு வந்துருச்சு. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாராம்." அவள் அழத் தொடங்கினாள்.

"அழுதா குளிர் ஏறாது. உக்காரு" என்றார் அக்கா. ஒரு நிமிடம் சாவிப் பலகையையே பார்த்தார். "மாட்டாஸ்பத்திரியில புதுசா ஒண்ணு இறக்கியிருக்காங்க. சரியா குளிருதான்னு பாக்க, புதன்கிழமையிலேருந்து காலியா ஓட விட்டிருக்காங்க."

"அங்க எனக்கு யாரையும் தெரியாதே!"

"எனக்குத் தெரியும்."

ஒரு துறையின் சாவியை, அதன் தலைவர் சம்மதிக்காமல் இன்னொரு துறைக்குக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். அக்கா அதை ஒருநாளும் மீறியதில்லை. தலைவரான கால்நடை மருத்துவரை அழைத்தார், அவர் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பண்ணையில் இருப்பார் என்பது நினைவுக்கு வர, பண்ணைப் பால்காரரை அழைத்தார். "டாக்டர் பிரசவம் பாக்கறாரு" என்ற பால்காரர், போனை அவர் காதில் வைத்தார்.

அக்கா இரண்டே வரியில் விஷயத்தைச் சொன்னார்.

"தொறந்து குடுங்கம்மா" என்று மருத்துவர் கத்தினார். "கையெழுத்து அப்புறம். என் கை இப்ப மாட்டுக்குள்ள இருக்கு!"

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வழியில் குளிர் குறையாமலிருக்க, அக்கா உணவியல் துறைக் கூடத்தில் பேசி இரண்டு பெட்டி டிரை ஐஸ் வாங்கினார். கணவர் புத்தகங்களை நூலகப் படியிலேயே இறக்கி அடுக்கிவிட்டு வண்டியோடு வந்து நின்றார். நான்கு கிலோமீட்டர். குழி வரும் இடமெல்லாம் ஆய்வாளர் பெட்டிகளைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டாள்.

"எனக்கும் மொதல் குழந்தை ஏழாம் மாசம்தான்" என்றார் அக்கா, ஜன்னலைப் பார்த்தபடி. "அஞ்சு நாள் இருந்தான்."

கணவர் வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டினார்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கடைசிப் பெட்டியும் உள்ளே போனது. ஒரு குப்பியில்கூட ரத்தம் உருகவில்லை. ஆய்வாளர் தரையில் உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் குலுங்கினாள்.

மறுநாள் நிர்வாக அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. சாவியறை ஏன் இரண்டு மணி நேரம் பூட்டிக் கிடந்தது? கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதத்தோடு அக்கா போய் நின்றார்.

"பூட்டிட்டுப் போனது தப்புதான் சார். ஆனா கேட்டுட்டுத்தான் தொறந்தேன்."

அதிகாரி மருத்துவரின் கடிதத்தைப் படித்து முடித்தார். "அந்த ஃப்ரீசர் காலியா இருந்தது எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"புதன்கிழமை மாட்டாஸ்பத்திரிக்காரங்க சாவி வாங்க வந்தப்போ, உள்ள என்னன்னு கேட்டேன் சார்."

அதிகாரி அடுத்த மாதம் துறைத் தலைவர்கள் கூட்டத்துக்கு அவரையும் கூப்பிட்டார். யாரிடம் எந்தக் கருவி இருக்கிறது, எது எந்நாளில் சும்மா கிடக்கிறது என்று அக்கா முக்கால் மணி நேரம் பேசினார். முதல் ஐந்து நிமிடம் மேசையைப் பார்த்தபடியே பேசினார். பிறகு பார்த்தால், பேராசிரியர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அவர் மேசையில் இரண்டாவது தொலைபேசி ஒன்று இருக்கிறது. இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்பவர்களுக்காக மட்டும். போன வாரம் இசைத் துறையிலிருந்து ஒருவர், குரல் பதிவு செய்யச் சத்தமே இல்லாத இடம் வேண்டும் என்றார்.

"இயற்பியல் கட்டடத்துல, தரைக்குக் கீழ ஒரு ரூம் இருக்கு. கொசு பறந்தாகூடக் கேக்கும். செவ்வாய்க்கிழமை காலி" என்றார் அக்கா. "அது சரி, என்ன பாட்டு பாடப்போறீங்க?"